1972 பிக்கப்பில் 2004 எஞ்சின்: பாதியில் நின்ற ஒரு மாற்றுப் பொருத்தம்

பின்னணி

கலிபோர்னியாவில் பிரெஸ்னோ பக்கம் பாதாம் தோட்டம் வைத்திருக்கும் ஒருவரின் வண்டி இது. 1972 செவ்ரோலே சி10, எட்டடிப் பின்தொட்டி, இளநீலம். அவருடைய அப்பா புதிதாக வாங்கிய வண்டி. ஸ்டியரிங் தண்டில் மூன்று கியர், ஆறு சிலிண்டர் 250 எஞ்சின், அதாவது சுமார் 4.1 லிட்டர். அந்த ஆண்டுக் கணக்கில் அதன் திறன் 110 குதிரைசக்தி. தோட்டத்துக்குள் ஓட்ட அது தாராளம். ஆனால் உரிமையாளரின் மகள் லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கிறார். 99ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே போய், பேக்கர்ஸ்ஃபீல்டு தாண்டி 5ஆம் நெடுஞ்சாலையில் சேர்ந்து, கிரேப்வைன் ஏற்றத்தைக் கடந்தாக வேண்டும். ஆகஸ்டு மாதத்தில் அந்தப் பள்ளத்தாக்கு 40 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும். ஏசி இல்லாமல், மூன்று கியரில், எஞ்சின் கத்தக் கத்த அந்த ஏற்றத்தில் போவது அவருக்கு ஒத்துவரவில்லை.

அவர் கேட்டது எளிமையானது. 70 மைல் வேகத்தில் நிம்மதியாகப் போக வேண்டும், ஏசி வேலை செய்ய வேண்டும், எப்போதாவது ஒரு சின்ன டிரெய்லர் இழுக்க வேண்டும். வெளித்தோற்றம் மாறக் கூடாது. "இது அப்பா வண்டி. கண்காட்சிக்கு வேண்டாம், ஓடினால் போதும்" என்றார். இந்த ஒரு வரியைத்தான் பின்னால் எடுத்த முடிவுகள் எல்லாவற்றுக்கும் அளவுகோலாக வைத்துக்கொண்டோம்.

வேலையைத் தொடங்கியது வேறொரு பட்டறை. எஞ்சினை ஏற்றி, ஓடவும் வைத்து, வண்டியைக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் வண்டி சரியாக ஓடவில்லை. பல முறை திருப்பிக் கொண்டுபோய்ப் பார்த்த பிறகு, அங்கே இனிமேல் ஆகாது என்று தெரிந்து எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார். நான் அங்கே வயரிங்கும் பழுது கண்டுபிடிப்பும் பார்ப்பவன். பட்டறை முதலாளி வெல்டிங், சேஸிஸ் வேலைகளைப் பார்ப்பவர். எஞ்சின் மாற்றிய பிறகு இப்படிப் பாதியில் நிற்கும் வண்டிகள் நிறைய இருப்பதால் இதை முழுமையாக எழுதி வைக்கிறேன்.

என்ன எஞ்சின், ஏன் அது

முதல் பட்டறை தேர்ந்தெடுத்தது 2004 டாஹோ (செவ்ரோலேயின் பெரிய எஸ்யூவி) ஒன்றிலிருந்து எடுத்த 5.3 லிட்டர் எல்எம்7 எஞ்சின். கூடவே அதன் 4எல்60ஈ தானியங்கி கியர்பாக்ஸ். பின்பக்கம் மோதி நொறுங்கிய வண்டி என்பதால் முன்பாதி அப்படியே நல்ல நிலையில் கிடைத்தது. இந்தத் தேர்வில் எங்களுக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனி காயில், சுமார் 295 குதிரைசக்தி. செவ்ரோலேயின் தாய் நிறுவனமான ஜிஎம் 1999 முதல் 2007 வரை லட்சக்கணக்கான வண்டிகளில் போட்ட எஞ்சின் இது. அமெரிக்காவில் எந்த ஊரின் உதிரிபாகக் கடையிலும் இதற்குச் சாமான் கிடைக்கும். நடுவழியில் நின்றாலும் திண்டாட வேண்டாம்.

இந்த வண்டிக்கு உண்மையான லாபம் குதிரைசக்தியைவிட கியர்பாக்ஸில்தான் இருந்தது. 4எல்60ஈ-யின் முதல் கியர் விகிதம் 3.06. மூன்றாவது 1.00, நான்காவது 0.70. பின் அச்சில் ஏற்கெனவே இருந்தது 3.73 விகிதம். வண்டியின் டயர் விட்டம் 28.5 அங்குலம். பழைய கியர்பாக்ஸில் 70 மைல் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,080 முறை சுற்ற வேண்டும். புதியதில் நான்காவது கியர் விழுந்து, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கன்வெர்ட்டரும் பூட்டிக்கொண்டால் 2,150 சுற்றுதான். அதனால் பின் அச்சைத் தொட வேண்டியதே இல்லை. முதல் கியர் வலுவாக இருப்பதால் டிரெய்லருடன் கிளம்புவதும் சிரமம் இல்லை.

வண்டி 1972 என்பது இன்னொரு வசதி. கலிபோர்னியாவில் 1975 வரையிலான மாடல்களுக்கு இரண்டாண்டுக்கொரு முறை வரும் புகைச் சோதனை கிடையாது. 1976 அல்லது அதற்குப் பிந்தைய வண்டி என்றால் இந்த வேலையின் போக்கே வேறு.

எங்களிடம் வந்தபோது இருந்த நிலை

உரிமையாளர் சொன்ன குறைகள் இவை. காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கிறது. நின்ற இடத்தில் சும்மா ஓடும்போது பரவாயில்லை, மிதித்தால் மிஸ்ஸிங் அடித்து, சில நேரம் இழுவையே போய்விடுகிறது. மலை ஏறினால் கூலண்ட் கொப்பளித்து வெளியே வருகிறது. 45, 50 மைல் வேகத்தில் இருக்கைக்கு அடியில் அதிர்வு. கேபினுக்குள் பெட்ரோல் வாசனை. ஸ்பீடோமீட்டர் அசைவதில்லை.

இதற்கெல்லாம் முதல் பட்டறை பிளக், காயில்கள், பெட்ரோல் பம்ப் என்று வரிசையாகப் புதிதாக மாற்றியிருந்தது. எதுவும் பலிக்கவில்லை.

நாங்கள் வண்டியைத் தூக்கி அடியில் பார்த்தோம். எஞ்சின் மவுண்ட் தகடுகள் ஒழுங்காகப் பொருந்தியிருந்தன. வெல்டிங் சுத்தம். ஆயில் சம்ப் முன் குறுக்குச் சட்டத்தில் இடிக்கவில்லை. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் கையாண்டவருக்கு வேலை தெரியும் என்பதில் சந்தேகம் இல்லை. கோளாறு இருந்த இடங்கள் எல்லாம் புது எஞ்சினும் பழைய வண்டியும் ஒன்றோடொன்று சேரும் இடங்கள். பெட்ரோல் வரும் வழி, கரண்ட் வரும் வழி, சூடு வெளியேறும் வழி, சக்கரத்துக்கு இழுவை போகும் வழி, ஓட்டுநருக்குத் தகவல் போகும் வழி. ஆகவே எஞ்சினைப் பிரிப்பதில்லை, எல்லைகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சோதிப்பது என்று முடிவு செய்தோம். உரிமையாளரிடமும் இதைச் சொன்னோம். இன்னொரு சாமானை வாங்கி மாற்றுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், முதலில் அளக்கலாம் என்றோம்.

மின்சாரம்: துணி உறை போட்ட கம்பி

ஸ்கேனரைச் செருகும் கண்டறியும் சாக்கெட் டாஷ்போர்டுக்குக் கீழே டேப் சுற்றித் தொங்கியது. 1972 டாஷ்போர்டில் 'செக் எஞ்சின்' விளக்குக்கு இடம் கிடையாது, புதிதாகவும் வைக்கவில்லை. அதனால் எஞ்சின் கணினி இத்தனை நாளும் புகார் சொல்லிக்கொண்டிருந்தும் யார் காதிலும் விழவில்லை. ஸ்கேனரைச் செருகியதும் பி0562 வந்தது. மின்னழுத்தம் குறைவு என்று பொருள்.

பேட்டரி முனைகளில் எஞ்சின் ஓடும்போது 14.1 வோல்ட். ஆல்டர்னேட்டர் நலம். ஆனால் எஞ்சின் கணினியும் காயில்களும் இன்ஜெக்டர்களும் கரண்ட் எடுக்கும் பிங்க் வயரில், அதே நேரத்தில், ஸ்கேனர் காட்டியது 9.4 வோல்ட். சந்தேகம் தீர மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை அந்த பியூஸிலும் வைத்தேன். நடுவில் 4.7 வோல்ட் காணாமல் போயிருந்தது. எஞ்சினை 2,500 சுற்றுக்கு ஏற்றச் சொன்னேன். இழப்பு இன்னும் கூடியது.

வயரைப் பின்தொடர்ந்து போனால் கேபின் சுவரில் உள்ள பழைய பல்முனை இணைப்புக்கு வந்து சேர்ந்தது. அங்கிருந்து வெளியே வரும் கம்பிக்கு மேலே பிளாஸ்டிக் இல்லை, நெய்த துணி உறை. தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. பழைய வண்டிகளில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் கம்பி தெரியும். பாயின்ட் (திறந்து மூடும் தொடுமுனை) வைத்த இக்னிஷன் காலத்தில் காயிலுக்கு முழு 12 வோல்ட் கொடுத்தால் பாயின்ட் சீக்கிரம் கருகிவிடும். அதனால் ஜிஎம் தனியாக ஒரு மின்தடைப் பெட்டி வைக்காமல், கம்பியையே மின்தடைக் கம்பியாகப் போட்டது. வேண்டுமென்றே கரண்ட்டைக் குறைக்கும் கம்பி அது. செல்ஃப் அடிக்கும்போது மட்டும் முழு வோல்ட் கிடைக்க, பழைய ஸ்டார்டர் மோட்டாரின் தனி முனையிலிருந்து இன்னொரு வயர் காயிலுக்கு வரும். புது எஞ்சினின் ஸ்டார்டரில் அந்த முனையே கிடையாது.

இது தெரிந்ததும் அறிகுறிகள் எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்துவிட்டது. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியே 10 வோல்ட் சொச்சத்துக்கு இறங்கும். அதிலும் இந்தக் கம்பி தின்றால் கணினிக்கு விழித்திருக்கக்கூட வோல்ட் போதாது. எஞ்சின் வேகம் கூடக் கூட காயில்கள் எடுக்கும் கரண்ட் கூடும், கரண்ட் கூடக் கூட கம்பியில் இழப்பும் கூடும். அதனால்தான் சும்மா நிற்கும்போது சரியாக ஓடி, மிதித்தால் மிஸ்ஸிங் அடித்தது. 2004 எஞ்சினில் ஆக்சிலரேட்டருக்கு கேபிளும் இல்லை, மிதிக்கட்டையிலிருந்து த்ராட்டில் வரை எல்லாம் மின்சாரம்தான். வோல்ட் குறைந்தால் அது பாதுகாப்புக்காக இழுவையைத் தானே குறைத்துக்கொள்ளும். மாற்றிய காயில்களும் பம்பும் எதுவும் பழுதாக இருந்திருக்க வாய்ப்பில்லை.

முதல் பட்டறையின் சோதனையில் இந்தத் தவறு ஏன் பிடிபடவில்லை என்று யோசித்துப் பார்த்தோம். எஞ்சின் ஓடாதபோது, சுமை எதுவும் இல்லாமல், டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தால் அந்தக் கம்பியில் விளக்கு நன்றாகவே எரியும். கரண்ட் ஓடும்போதுதான் மின்தடை தன் வேலையைக் காட்டும். ஓடாத எஞ்சினில் வோல்ட் பார்ப்பது இந்த வேலைக்குப் பயன்படாத சோதனை.

செய்தது: பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் இழுத்து, புதிய பியூஸ், ரிலே பெட்டி ஒன்றை வைத்தோம். கணினி, காயில், இன்ஜெக்டர், பம்ப், ஃபேன் எல்லாவற்றுக்கும் அங்கிருந்தே கரண்ட். பழைய சாவியின் வேலை ரிலேயைத் தட்டி எழுப்புவது மட்டும். அதற்கான வயரை எடுக்கும்முன் சாவியை 'ஓட்டம்' நிலையிலும் 'ஸ்டார்ட்' நிலையிலும் வைத்து அளந்து, இரண்டிலும் கரண்ட் நிற்பதை உறுதி செய்தோம். சில முனைகளில் செல்ஃப் அடிக்கும் நேரத்தில் மட்டும் கரண்ட் போய்விடும், அதில் கட்டினால் எஞ்சின் பிடிக்கவே பிடிக்காது. துணி உறைக் கம்பியை அவிழ்த்து எடுத்து, ஒரு சீட்டும் ஒட்டி, உரிமையாளரிடம் கொடுத்தோம். எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஒரு கனமான எர்த், எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் இன்னொன்று. 'செக் எஞ்சின்' விளக்குக்கு டாஷ்போர்டின் ஓரத்தில் சின்னதாக ஒன்று வைத்தோம். வெளித்தோற்றம் மாறக் கூடாது என்றவர் இதற்கு உடனே சரி என்றார்.

அதன் பிறகு பிங்க் வயரில் 13.9 வோல்ட். முதல் சுற்றிலேயே ஸ்டார்ட் ஆனது.

பெட்ரோல்: இருக்கைக்குப் பின்னால் இருந்த டேங்க்

மிஸ்ஸிங் போனது, ஆனால் முழுதாகப் போகவில்லை. டேங்க் பாதிக்குக் கீழே இறங்கியதும், வளைவில் திரும்பும்போது எஞ்சின் ஒரு நொடி தடுமாறியது. இது வேறு கதை என்று உடனே புரிந்தது. எரிபொருள் அழுத்தமானியைக் குழாயில் கட்டி ஓட்டிப் பார்த்ததில், சரியாக அந்த நொடியில் முள் விழுந்தது.

இந்தத் தலைமுறை சி10-இல் டேங்க் கேபினுக்குள், இருக்கைக்குப் பின்னால் இருக்கும். கார்புரேட்டர் எஞ்சினுக்கு எந்திர பம்ப் கொடுக்கும் அழுத்தம் சில பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) மட்டுமே. கார்புரேட்டரின் கிண்ணத்தில் எப்போதும் கொஞ்சம் பெட்ரோல் இருப்பதால் ஒரு நொடி காற்று வந்தாலும் எஞ்சினுக்குத் தெரியாது. 5.3 எஞ்சினுக்கு வேண்டியது 58 பிஎஸ்ஐ, இடைவிடாமல். பழைய டேங்கில் தடுப்புச் சுவர்கள் இல்லை. பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கினால் பம்ப் காற்றை இழுக்கும்.

வாசனைக்கும் காரணம் அங்கேயே இருந்தது. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரிலிருந்து மிஞ்சிய பெட்ரோல் டேங்குக்குத் திரும்ப வேண்டும். பழைய டேங்கில் அதற்கு வழி இல்லை என்பதால், திரும்பும் குழாயை கேபினுக்குள் இருக்கும் காற்றுப்போக்கிக் குழாயில் ஒரு 'டி' வைத்து இணைத்திருந்தார்கள். ரப்பர் குழாய், இறுக்கும் கிளிப். கிளிப்பைச் சுற்றி ஈரம். நல்லவேளை, யாரும் உள்ளே சிகரெட் பிடிக்கவில்லை.

இங்கே இரண்டு வழிகள் இருந்தன. பழைய டேங்குக்குள்ளேயே தடுப்பும் திரும்பும் முனையும் வெல்டு செய்வது ஒன்று. செலவு குறைவு. ஆனால் உயர் அழுத்தக் குழாய்கள் மனிதர் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும். டேங்கைப் பின்தொட்டிக்கு அடியில், இரண்டு சேஸிஸ் சட்டங்களுக்கு நடுவில் மாற்றுவது இன்னொன்று. பட்டறை முதலாளி முதல் வழியைப் பேசவே விரும்பவில்லை. எனக்கும் அதே எண்ணம். பேரக் குழந்தைகள் உட்காரும் கேபின் அது.

பின்னால் புது டேங்க், அதற்குள்ளேயே பம்ப், சுற்றிலும் தடுப்பு. டேங்குக்குப் பக்கத்திலேயே, சேஸிஸ் சட்டத்தின் உட்புறத்தில், பழைய கார்வெட்டுகளுக்கான (செவ்ரோலேயின் ஸ்போர்ட்ஸ் கார்) மூன்று முனை ஃபில்டர் ஒன்றை வைத்தோம். ரெகுலேட்டரும் அதற்குள்ளேயே இருக்கிறது, 58 பிஎஸ்ஐக்கு நிலையாகப் பூட்டியது. திரும்பும் குழாய் அரையடிதான், எஞ்சின் வரை ஒரே குழாய். 2004 எஞ்சினின் பெட்ரோல் தண்டில் திரும்பும் வழி இல்லை என்பதால் இந்த ஏற்பாடு அதற்கு அப்படியே பொருந்தும். ஆவி பிடிக்கும் கரிக்குடுவையை எடுக்காமல் புது டேங்கின் காற்றுப்போக்கியோடு இணைத்தோம். உதிரிச் சக்கரம் இருந்த இடத்தை டேங்க் எடுத்துக்கொண்டதால் சக்கரம் பின்தொட்டிக்குள் போனது. கேபின் பக்கத்தில் இருந்த பழைய பெட்ரோல் மூடி தோற்றத்துக்காக அப்படியே இருக்கிறது. ஆனால் யாரும் தெரியாமல் திறந்து பெட்ரோல் ஊற்றிவிடக் கூடாது என்று உள்ளிருந்து திருகி அடைத்துவிட்டோம்.

இந்த மொத்த மாற்றத்தில் அதிகக் கூலி போனது டேங்குக்கும் வயரிங்குக்கும்தான். எஞ்சினும் கியர்பாக்ஸும் வாங்கிய விலையைவிட இந்த இரண்டும் கூடுதல். எஞ்சின் மாற்ற நினைப்பவர்கள் பட்ஜெட் போடும்போது மறந்துவிடும் பகுதி இது.

சூடு: அடைக்கப்பட்ட மெல்லிய குழாய்

இந்த எஞ்சின் குடும்பத்தில் ஹெட்டுகளின் மேல்பகுதியில் நீராவியும் காற்றும் தேங்கும் இடங்கள் உண்டு. அங்கிருந்து காற்று வெளியேற, முன்பக்கம் இரண்டு ஹெட்டுகளையும் இணைத்து ஒரு மெல்லிய உலோகக் குழாய் போகும். அதன் நுனியிலிருந்து ஒரு சிறு ஹோஸ் ரேடியேட்டரின் மேல்பகுதிக்குப் போக வேண்டும். பழைய ரேடியேட்டரில் அதற்கு முனை இல்லை. முதல் பட்டறை அந்த நுனிக்கு ஒரு ரப்பர் மூடியை மாட்டியிருந்தது. வெளியே போக வழியில்லாத காற்று ஹெட்டுக்குள் குமிழாக நின்றுவிடும். அந்த இடத்தில் உலோகத்தைக் குளிர்விக்கத் தண்ணீரே இருக்காது.

ஏன் யாருக்கும் தெரியவில்லை என்றால், வண்டியில் வெப்பமானியே இல்லை. அடிப்படை மாடல் சி10-இல் முள் கிடையாது, சூடானால் எரியும் சிவப்பு விளக்கு மட்டும்தான். பழைய சென்சார் புது ஹெட்டின் மரையில் ஏறாது என்பதால் அந்த வயர் எங்கும் இணைக்கப்படாமல் எஞ்சின் அறையில் கிடந்தது. விளக்கு எரியவில்லை, ஆகவே சூடு இல்லை என்று நம்பி உரிமையாளர் ஓட்டியிருக்கிறார்.

பிரெஸ்னோவிலிருந்து கிழக்கே 168ஆம் நெடுஞ்சாலை ஷேவர் ஏரிக்கு ஏறும். பிராதருக்கு மேலே நான்கு வழிச் சாலையாக நீண்ட, விடாத ஏற்றம். அங்கே ஸ்கேனரைச் செருகியபடி ஓட்டினோம். கூலண்ட் வெப்பம் 119 டிகிரி காட்டியதும் ஓரம் கட்டி நிறுத்திவிட்டோம். டாஷ்போர்டில் எல்லாம் அமைதியாகத்தான் இருந்தது.

ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறதா என்று முதலில் பார்த்தோம். கூலண்டில் எரிந்த வாயு கலந்திருக்கிறதா என்ற சோதனையும் அழுத்தச் சோதனையும் சுத்தமாக வந்தன. உரிமையாளர் கொப்பளித்ததுமே நிறுத்திவிடும் பழக்கம் உள்ளவர் என்பதால் எஞ்சின் பிழைத்தது.

நீராவி முனையும், கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் பகுதியும் உள்ள அலுமினிய ரேடியேட்டர் ஒன்றைப் போட்டோம். பழையது கையால் மாற்றும் கியர் வண்டியின் ரேடியேட்டர், தானியங்கி கியர்பாக்ஸுக்கான வசதி அதில் இருந்ததே இல்லை. கூடுதலாக முன்பக்கம் தனி ஆயில் குளிர்விப்பானும் வைத்தோம். இரண்டு மின் ஃபேன்களையும் எஞ்சின் கணினியே இயக்கும்படி அதன் நிரலில் மாற்றினோம். பழைய சிவப்பு விளக்கை, புது ஹெட்டுக்கு ஏற்ற மரையுள்ள சுவிட்ச் ஒன்றோடு உயிர்ப்பித்தோம். ஆஷ்ட்ரேக்குள் ஒரு சின்ன வெப்பமானி முள்ளும் உண்டு. இழுத்தால் தெரியும், தள்ளினால் மறையும். அது உரிமையாளரின் யோசனை.

ஏசி கம்ப்ரஸர் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். எல்எம்7 சேர்ந்த எல்எஸ் குடும்பத்தின் லாரி வகை எஞ்சின்களில் கம்ப்ரஸர் வலப்பக்கம் தாழ்வாக உட்காரும். சி10-இன் சேஸிஸ் சட்டம் அங்கே இடிக்கும். முதல் பட்டறை சட்டத்தில் அரைவட்டமாக வெட்டி இடம் செய்திருந்தது. 'சி' வடிவச் சட்டத்தில், முன் சஸ்பென்ஷனின் சுமை வந்து இறங்கும் பகுதிக்கு அருகில், வெட்டிய விளிம்பை மூடித் தகடு எதுவும் வைக்காமல் விட்டிருந்தார்கள். விரிசல் இன்னும் வரவில்லை. முதலாளி வெட்டை நிரப்பி, உட்பக்கம் தகடு வைத்துப் பெட்டி வடிவமாக மூடி வெல்டு செய்தார். கம்ப்ரஸரை மேலே ஏற்றும் பிராக்கெட் வாங்கி மாட்டினோம். சேஸிஸ் ஒன்றுதான் இந்த வண்டியில் மாற்றவே முடியாத பாகம். அதை வெட்டுவது எப்போதும் கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும்.

அதிர்வும் ஸ்பீடோமீட்டரும்

48 மைல் வேகத்தில் அதிர்வு. மூன்றாம் கியரில் ஓட்டினாலும் நான்காம் கியரில் ஓட்டினாலும் அதே வேகத்தில்தான் வருகிறது. அப்படியென்றால் எஞ்சினில் இல்லை, கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. நீளத் தொட்டி வண்டி என்பதால் கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ஷாஃப்ட் இரண்டு துண்டு, நடுவில் சென்டர் பேரிங். 4எல்60ஈ பழைய மூன்று கியர் பெட்டியைவிடப் பருமன். கேபின் தரையில் இடிக்காமல் இருக்க அதன் வாலை இறக்கி மாட்டியிருந்தார்கள். கோணமானி வைத்தால் கியர்பாக்ஸ் 5.5 டிகிரி, முன் ஷாஃப்ட் 1.5 டிகிரி. நடுவில் நான்கு டிகிரி மடிப்பு. இரண்டு துண்டு ஷாஃப்டில் முன்துண்டு கியர்பாக்ஸோடு ஏறக்குறைய நேர்கோட்டில் இருக்க வேண்டும்.

தரைத் தகட்டில் இடிக்கும் இடத்தை மட்டும் வெட்டி உயர்த்தி, வாலை மேலே தூக்கி, சென்டர் பேரிங்கைக் கொஞ்சம் இறக்கினோம். கியர்பாக்ஸ் 3 டிகிரி, முன் ஷாஃப்ட் 2.5 டிகிரி. பின் அச்சின் மூக்கு ஏற்கெனவே 3 டிகிரியில் இருந்ததால் அதைத் தொடவில்லை. அதிர்வு நின்றது.

ஸ்பீடோமீட்டருக்குப் பழைய கேபிளையே சுற்றும் ஒரு சின்ன மோட்டார்ப் பெட்டி வைத்தோம். கியர்பாக்ஸின் மின்சமிக்ஞையைப் படித்து அது கேபிளைத் திருப்பும். முகப்பு 1972 முகப்பாகவே இருக்கிறது. கணினியில் டயர் அளவும் அச்சு விகிதமும் டாஹோவுக்கு உரியதாகவே விடப்பட்டிருந்தன. அவற்றைத் திருத்தியதும் கியர் மாறும் நேரமும் ஒழுங்குக்கு வந்தது.

விளைவு

அதே 168 ஏற்றத்தில், ஏசி ஓட, பிற்பகல் வெயிலில் வெப்பம் 103 டிகிரியைத் தாண்டவில்லை. மேலே போய் நின்றதும் சில நிமிடங்களில் 90களுக்கு இறங்கியது. அதன் பிறகு உரிமையாளர் ஆகஸ்டிலேயே கிரேப்வைன் வழியாக லாஸ் ஏஞ்சல்ஸ் போய் வந்தார். திரும்பி வந்ததும் வண்டியைத் தூக்கிப் பார்த்தோம். குழாய் இணைப்புகள் காய்ந்திருந்தன, வெல்டு செய்த சட்டத்தில் புதிதாக எதுவும் இல்லை, கணினியில் எந்தக் குறியீடும் இல்லை.

ஒன்று மட்டும் மிச்சம். 1971 முதல் சி10-இல் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வழக்கமாகவே வரும், இதிலும் இருந்தது. ஆனால் பிரேக் மிதிக்க உதவும் வேக்வம் பூஸ்டர் இல்லை. முன்பு 60 மைலுக்கு மேல் போகாத வண்டி இப்போது சர்வசாதாரணமாக 70-இல் போகிறது. பூஸ்டரும் பெரிய மாஸ்டர் சிலிண்டரும் போடாமல் டிரெய்லர் கட்ட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோம். அறுவடை முடிந்ததும் கொண்டுவருவதாக அவர் ஒப்புக்கொண்டார். அதுவரை டிரெய்லர் கொக்கியையும் கழற்றி வைத்திருக்கிறோம்.

அடுத்த வண்டியில் மாறுவது

இந்த வண்டிக்குப் பிறகு எஞ்சின் மாற்று வேலைகளில் எங்கள் வரிசை தலைகீழாகிவிட்டது. முன்பு எஞ்சின் ஏறியதும் ஓடவைத்துப் பார்ப்பதுதான் கொண்டாட்டம். இப்போது எஞ்சின் தரையில் இருக்கும்போதே டேங்கையும் பியூஸ் பெட்டியையும் முடிக்கிறோம். பின்தொட்டி கழன்றிருக்கும்போது டேங்க் வைத்தால் பாதி உழைப்பிலேயே முடிந்துவிடும்.

சாவியிலிருந்து வரும் ஒவ்வொரு வயரையும் சுமையோடு அளக்கிறோம். ஒரு பழைய ஹெட்லைட் பல்பைக் கட்டி எரியவிட்டு, பேட்டரிக்கும் அந்த முனைக்கும் நடுவில் வோல்ட் இழப்பைப் பார்க்கிறோம். அரை வோல்ட்டுக்கு மேல் என்றால் அந்த வயர் வேண்டாம்.

கண்டறியும் சாக்கெட், 'செக் எஞ்சின்' விளக்கு, வெப்பமானி இந்த மூன்றும் முதல் ஸ்டார்ட்டுக்கு முன்பே வேலை செய்ய வேண்டும் என்பது இப்போது பட்டறையின் விதி. நீராவிக் குழாய்க்கு முனை இல்லாத ரேடியேட்டரை, உரிமையாளர் எவ்வளவு கேட்டுக்கொண்டாலும், மாட்டுவதில்லை.

மதிப்பீட்டுச் சீட்டிலும் ஒரு மாற்றம் செய்தோம். எஞ்சின், கியர்பாக்ஸ் விலையை மேலே எழுதாமல் கடைசியில் எழுதுகிறோம். பிரேக், டேங்க், வயரிங், ரேடியேட்டர், ஷாஃப்ட் முதலில் வருகின்றன. அதைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் பழைய எஞ்சினையே சரிசெய்து வைத்துக்கொள்கிறோம் என்று திரும்பிப் போனார்கள். அவர்கள் வண்டிக்கு அதுதான் சரியான முடிவு என்று நாங்களும் சொன்னோம்.